கழுமரம் இருந்தும் திருட்டு நிற்கவில்லை

திருடர்களுக்குக் கடும் தண்டனை வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஒரு பேச்சாளர் பேசியதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். "அந்தக் காலத்தில் திருடினால் கழுவில் ஏற்றுவான். அதனால் திருட்டே இல்லை. எகிப்தைப் பாருங்கள்" என்றார். ஒரே கைதட்டல். நான் எழுந்து பதில் சொல்ல வாயைத் திறந்ததும், "திருடனுக்கு வக்காலத்து வாங்க வந்துட்டார்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். உட்கார வைத்துவிட்டார்கள். அங்கே சொல்ல விடாததை இங்கே எழுதுகிறேன்.

சரி, எகிப்தையே பார்ப்போம். அரச கல்லறையில் கைவைத்தால் கழுவேற்றம். விசாரணையில் தடியடி, கை கால்களை முறுக்குவது. மெட்ஜாய் என்ற காவல் படையும் உண்டு. இத்தனையும் இருந்த தீப்ஸ் நகரத்தில், சுமார் கி.மு. 1110இல், ஒன்பதாம் ராமசேஸின் 16ஆம் ஆட்சியாண்டில், அமென்பனெஃபெர் என்ற கல்தச்சன் கொடுத்த வாக்குமூலம் பாப்பிரஸ் என்ற நாணல் தாளில் இன்றும் இருக்கிறது. அவனும் இன்னும் ஏழு பேரும் சோபெக்எம்சாஃப் மன்னனின் கல்லறையைக் குடைந்து உள்ளே போனார்கள். மன்னன், அரசி இருவர் உடலிலும் இருந்த தங்கத்தை உரித்தெடுத்துவிட்டுச் சவப்பெட்டிகளுக்குத் தீ வைத்தார்கள். கிடைத்தது எகிப்திய எடைக் கணக்கில் 160 டெபென், ஏறக்குறைய 14.5 கிலோ தங்கம். ஆளுக்கு 20 டெபென்.

அப்புறம் பிடிபட்டான். தன் பங்கு முழுவதையும் துறைமுக எழுத்தர் ஒருவரிடம் கொடுத்தான், விட்டுவிட்டார்கள். கூட்டாளிகள் தங்கள் பங்கிலிருந்து அவனுக்கு ஈடுகட்டினார்கள். மறுபடி அதே வேலை. ஊரில் இன்னும் பலர் இதைத்தான் செய்கிறார்கள் என்றும் அவனே சொல்கிறான். கழுமரம் இருந்த ஊரில்தான் இது நடந்தது. கழுமரம் இருந்தும் திருட்டு நிற்கவில்லை.

"ஒரு சம்பவத்தை வைத்துப் பேசாதே" என்பீர்கள். அந்த ஆண்டு அதிகாரிகள் நேரில் போய்ப் பார்த்த தனியார் கல்லறைகள் அத்தனையும் உடைக்கப்பட்டிருந்தன. ஒன்றல்ல, அத்தனையும்.

"ஹம்முராபி?" என்று ஒருவர் கேட்டார். பழைய பாபிலோன் மன்னன் ஹம்முராபியின் சட்டத்தில் கொள்ளைக்காரனுக்கு மரணம் என்பதை மட்டும் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுகிறோம். அடுத்த விதியே, கொள்ளைக்காரன் பிடிபடாவிட்டால் பறிகொடுத்தவருக்கு ஊரும் அதன் தலைவரும் ஈடு கொடுக்க வேண்டும் என்கிறது. கொள்ளையில் உயிர் போயிருந்தால் குடும்பத்துக்கு ஒரு மினா (அந்தக் கால எடை, ஏறக்குறைய அரைக் கிலோ) வெள்ளி. ஆள்பவனும் பொறுப்பு என்று எழுதி வைத்திருக்கிறான். அந்த வரிக்கு ஏன் யாரும் கைதட்டுவதில்லை?

"உன் வீட்டில் திருடு போனால்தான் தெரியும்." போனது. நான் பள்ளியில் படிக்கும்போது அம்மாவின் சங்கிலி காணாமல் போனது. அந்த வாரம் வெள்ளையடிக்க வந்த அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தபோது அவரால் சுவரைப் பிடிக்காமல் நடக்க முடியவில்லை. நான்தான் எடுத்தேன் என்று ஒப்புக்கொண்டாராம். சங்கிலி பிறகு அரிசி டிரம்முக்கு அடியில் கிடைத்தது. அவர் அதன்பின் எங்கள் தெருவுக்கே வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை கைதட்டியவர்களில் என் சித்தப்பாவும் ஒருவர். அந்த அண்ணனை அவருக்கு நன்றாகத் தெரியும். அதுதான் எனக்கு வலித்தது.

தீப்ஸிலும் இப்படி ஒருவர் இருந்தார். பேய்காரு என்ற செம்பு வேலைக்காரர். இசிஸ் அரசியின் கல்லறையிலிருந்து பொருள் எடுத்ததாக முன்பு அடித்து விசாரித்தபோது ஒப்புக்கொண்டிருந்தார். கண்ணைக் கட்டி அங்கே கொண்டுபோய், எந்தக் கல்லறை என்று காட்டு என்றார்கள். அவரால் காட்ட முடிந்தது யாரையும் புதைக்காத ஒரு குழியும் ஒரு தொழிலாளியின் குடிசையும்தான். மறுபடியும் அடி.

அடி வாங்கியவர்கள் கல்தச்சர்களும் செம்பு வேலைக்காரர்களும். இதற்கெல்லாம் முன்பே, மூன்றாம் ராமசேஸின் 29ஆம் ஆண்டில் கூலித் தானியம் வரவில்லை என்று கல்லறை கட்டிய தொழிலாளர்களே வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்தார்கள். அந்தப் பசிக்காக எந்த அதிகாரியையும் கழுவில் ஏற்றவில்லை.

கல்லறைக் கொள்ளை நடக்கிறது என்று புகார் சொன்னவர் தீப்ஸில் நைல் நதியின் கிழக்குக் கரைத் தலைவர் பாசெர். கல்லறைகளைக் காக்க வேண்டிய பொறுப்பு மேற்குக் கரைத் தலைவர் பவெராவுடையது. பாசெரின் புகாரைத் தலைமை அமைச்சரின் மன்றம் தள்ளிவிட்டது. மறு ஆண்டு இன்னும் பல திருடர்கள் பிடிபட்டார்கள். அதற்குப் பிறகு பாசெரின் பெயர் ஆவணங்களில் இல்லை. பவெரா அதே பதவியில் தொடர்ந்தார். இதில் யாரைக் கழுவில் ஏற்றியிருந்தால் திருட்டு நின்றிருக்கும்? அதற்குப் பதில் சொல்லிவிட்டு மேடை ஏறட்டும்.