கைக்குள் அடங்குவதெல்லாம் பொம்மை இல்லை

ஞாயிற்றுக்கிழமை பால்காய்ப்பு வீட்டில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் 3 நாள் பேசாமல் இருந்தேன். உறவுக்காரர்கள் குழுவில் அந்தப் படம் இன்னும் கிடக்கிறது. நான் உகுலேலேயை, குட்டி கிட்டார் மாதிரி இருக்கும் நாலு தந்தி வாத்தியத்தை, நெஞ்சோடு சேர்த்துப் பிடித்து வாசித்துக்கொண்டிருக்கிறேன், பக்கத்தில் அப்பா. கீழே ‘ரெண்டே முக்கால் லட்ச ரூபா பொம்மை’ என்று அத்தான் எழுதியிருக்கிறார். அதற்கும் கீழே சிரிப்பு முகங்கள். நேற்று ராத்திரி எண்ணினேன், 41. எண்ணியிருக்கக் கூடாது.

அது பொம்மை இல்லை. சின்னதாக இருக்கிறது, அவ்வளவுதான்.

1920களில் அமெரிக்காவில் மார்ட்டின் கம்பெனி செய்த ‘3கே’ ரக உகுலேலே. 1833இல் தொடங்கிய கம்பெனி, கிட்டாருக்குப் பேர்போனது. ஒரு கட்டத்தில் அவர்களே கிட்டாரைவிட உகுலேலேதான் அதிகம் செய்தார்கள், அவ்வளவு கிராக்கி. ‘கே’ என்றால் கோஆ மரம். ஹவாய்த் தீவுகளைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வளராத மரம். நம்ம ஊர் கருவேலத்துக்குத் தூரத்துச் சொந்தம் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. வெயிலில் திருப்பினால் மரத்துக்குள்ளே ரேகை பட்டுப்புடவை மாதிரி நிறம் மாறும். விளிம்பைச் சுற்றிக் கறுப்பும் வெள்ளையுமாக மெல்லிய கோடுகள். மொத்த எடை அரைக் கிலோகூட வராது.

எடை ஏன் வராது என்பதில்தான் வேலையே இருக்கிறது. உகுலேலேயின் மேல்பலகை 2 மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது. கனமாக விட்டால் நாலு தந்தியின் அதிர்வு பலகையை அசைக்காது, டொக் டொக்கென்று கேட்கும். இன்னும் இழைத்தால் நாளடைவில் தந்தி இழுத்து வயிறு வீங்கி உடையும். இரண்டுக்கும் நடுவில் ஒரு மயிரிழை இடம். பலகையைத் தட்டிக் கேட்டு, வளைத்துப் பார்த்து, இன்னும் ஒரு இழைப்பு போடலாமா கூடாதா என்று முடிவு செய்ய ஒரு கை வேண்டும். பெரிய வாத்தியத்தில் ஒரு இழைப்பு தப்பினால் சமாளித்துவிடலாம். சின்னதில் ஒளிக்க இடமே கிடையாது. அதனால்தான் சொல்கிறேன், சின்னது என்பதால் வேலை குறையாது, கூடும்.

அத்தான், நீங்களும் பட்டறை வீட்டில் பிறந்தவர்தானே. இழைப்புளிச் சத்தத்தில் தூங்கி எழுந்தவர்தானே. ஊரான் சிரித்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

இந்த வாத்தியத்தை உண்டாக்கியதே ஆசாரிகள்தான், அது உங்களுக்குத் தெரியுமா? 1879இல் போர்ச்சுகலின் மதெய்ரா தீவிலிருந்து ரேவன்ஸ்கிராக் என்ற கப்பலில் ஹவாய் கரும்புத் தோட்டத்துக்குக் கூலி வேலைக்கு ஆள் ஏற்றிப்போனார்கள். அதில் மூன்று பேர் மர வேலைக்காரர்கள். மானுவேல் நூனெஸ், அகுஸ்டோ டயஸ், ஜோசே டோ எஸ்பிரிட்டோ சாண்டோ. தோட்ட ஒப்பந்தம் முடிந்ததும் ஹொனலுலுவில் பட்டறை போட்டார்கள். தங்கள் ஊர் மச்செட்டே என்ற சின்னத் தந்தி வாத்தியத்தை அந்த ஊர் கோஆ மரத்தில் செய்தார்கள். ஹவாய் ராஜா கலாகௌவா அதை அரண்மனைக்குள் கொண்டுபோனார். ‘துள்ளும் தெள்ளுப்பூச்சி’ என்று பொருள்படும் உகுலேலே என்ற பேரும் வந்தது. 1915இல் சான் பிரான்சிஸ்கோ கண்காட்சிக்குப் பிறகு அமெரிக்கா முழுக்கப் பரவியது. கரும்பு வெட்டப் போன ஆசாரியின் கைவேலை அது. அதைப் பார்த்து ஒரு ஆசாரி வீட்டுப் பிள்ளை சிரிக்கலாமா?

‘3,000 ரூபாய்க்கும் கிடைக்குதே, அதிலும் நாலு தந்திதானே’ என்று தம்பி ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. நான் கற்றுக்கொண்டதே ஒட்டுப்பலகையில் செய்த அந்த மாதிரி ஒன்றில்தான், இன்றைக்கும் புதிதாகப் படிக்கிறவர்களுக்கு அதைத்தான் சொல்வேன். ஆனால் பத்தமடையில் சாதாரணக் கோரைப்பாயும் இருக்கிறது, பட்டுப்பாயும் இருக்கிறது. இரண்டும் கோரைதான், இரண்டிலும் படுக்கலாம். பட்டுப்பாயைத் துணி மாதிரி மடித்துப் பார்த்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள்.

‘இந்தக் காசுக்கு ஏழைப் பிள்ளைக்கு பீஸ் கட்டியிருக்கலாம்’ என்ற அக்காவுக்கு. உங்கள் மகள் கல்யாணத்துக்கு 60 பவுன் போட்டபோது நான் இதைக் கேட்கவில்லை. மாதம் 7,500 ரூபாய், 36 மாதம் சீட்டு கட்டி வாங்கினேன். யாரிடமும் கைமாற்று வாங்கவில்லை.

‘இது நம்ம வாத்தியமா’ என்றும் ஒருவர். வயலினைக் கர்நாடக சங்கீதத்துக்குக் கொண்டுவந்தவர் என்று சொல்லப்படுகிற பாலுஸ்வாமி தீட்சிதர் எட்டயபுரம் சமஸ்தானத்தில் இருந்தவர். பழைய திருநெல்வேலி ஜில்லா அது. அன்றைக்கும் யாரோ இதே கேள்வியைக் கேட்டிருப்பார்கள்.

பழசை வாங்கிப் பெட்டியில் பூட்டிவைக்கிற பணக்காரர்களைப் பற்றி எனக்கும் வருத்தம் உண்டு. வாசிக்காத வாத்தியம் இருந்தும் இல்லாத மாதிரிதான். ஆனாலும் அப்படிச் சேர்த்துவைத்தவர்கள் இல்லையென்றால் 100 வருஷத்துக்கு முந்தைய கைவேலை இன்று நம் கைக்கு வந்திருக்குமா? இந்த உகுலேலேக்களில் வரிசை எண் கிடையாது. தலைப்பக்கம் குத்தியிருக்கும் முத்திரை, தந்தியை முறுக்கும் பிரடை மரமா உலோகமா, இதையெல்லாம் வைத்துத்தான் காலம் கணிக்கிறார்கள். அந்தச் சின்னச் சின்ன விவரத்தையும் எழுதிவைத்தது இந்தச் சேகரிப்புக்காரர்கள்தான். எனக்கு இதை விற்ற சென்னைக்காரரும் அப்படிப்பட்டவர். நான் தினமும் சாயங்காலம் வாசிக்கிறேன், பூட்டிவைக்கவில்லை. அதுவும் போதாதா?

அப்புறம் அந்த ‘பொம்மை’ என்ற சொல். பொம்மை என்றால் என்ன, வசவா? அம்பாசமுத்திரத்தில் கடைசல் பிடித்து, அரக்கு ஏற்றி, விரல் உயரத்துக்கு மரச்சொப்பு செய்கிறவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? அதையும் இத்துனூண்டு சாமான் என்று பேரம் பேசித்தான் வாங்குகிறோம்.

எனக்கு எட்டு ஒன்பது வயதிருக்கும். அப்பா ஒரு பெரிய வீட்டுக்கு, கல்யாணச் சீருக்காக அஞ்சறைப்பெட்டி செய்துகொடுத்தார். பலா மரம். ஒரு ஆணி கிடையாது, எல்லாம் பொருத்துவாய்தான். மூடியை ஒரு விரலால் தள்ளினால் சறுக்கிக்கொண்டு போகும், கவிழ்த்துப் பிடித்தாலும் விழாது. ஐந்து நாள் வேலை. கொண்டுபோய்க் கொடுத்தபோது நானும் கூடப் போனேன். அந்த அம்மா பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ‘இத்துனூண்டு பெட்டிக்கா இவ்வளவு கூலி? கட்டிலுக்கே இவ்வளவுதானே குடுத்தோம்’ என்றார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. பாதிக் கூலியை வாங்கிக்கொண்டு வந்தார். வழியெல்லாம் என்னோடு பேசவில்லை. வீட்டுக்கு வந்து உளிகளைத் தீட்ட ஆரம்பித்தார், தீட்டின உளிகளையே மறுபடி தீட்டினார்.

இதற்கும் உகுலேலேக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். எனக்கு இரண்டும் ஒன்றுதான். அளவைப் பார்த்துக் கூலி போடுகிறவர்கள் அன்றைக்கும் இருந்தார்கள், இன்றைக்கும் இருக்கிறார்கள், எங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார்கள்.

வாங்கி வந்த அன்று அப்பா கையில்தான் முதலில் கொடுத்தேன். அவருக்கு இப்போது 81, கண் சரியாகத் தெரியாது. கட்டைவிரலை விளிம்பு முழுக்க ஓட்டினார். நகத்தால் வயிற்றைத் தட்டிக் காதருகே வைத்தார். துவாரத்தில் மூக்கை வைத்து மோந்து பார்த்தார். ‘வச்சிரம் போட்டு ஒட்டியிருக்கான். நூறு வருஷமாச்சு, ஒரு இடம் வாய் விடல பாரு’ என்றார். ரொம்ப நேரம் மடியிலேயே வைத்திருந்தார். திருப்பிக் கொடுக்கும்போது, ‘இதைச் செஞ்சவனுக்குக் கூலி ஒழுங்காக் குடுத்திருப்பாங்களாடா?’ என்று கேட்டார்.

அத்தான், குழுவில் இருக்கிற படத்தில் அப்பாவும் இருக்கிறார். பேத்திதான் அவருக்கு எல்லாவற்றையும் வாசித்துக் காட்டுகிறாள். இன்று ராத்திரி அவள் பரீட்சை முடிந்து வருவதற்குள் அதை எடுத்துவிடுங்கள்.