பெயர் தெரியாததை எப்படித் தேடுவது?

சென்ற வாரம் ஓர் இணைய நூலகத்தில் ‘ஏரி மதகு’ என்று தேடினேன். ‘முடிவுகள் எதுவும் இல்லை’ என்று வந்தது. அதோடு சரி.

பிறகு வேறோர் இடத்தில் கல்வெட்டுக் கட்டுரை ஒன்றைப் புரட்டியபோது ‘தூம்பு’, ‘குமிழி’ என்ற சொற்கள் கண்ணில் பட்டன. ஏரி நீரைத் திறந்துவிடும் அமைப்புக்கு வழங்கிய பழைய பெயர்கள். அதே நூலகத்துக்குத் திரும்பி ‘தூம்பு’ என்று இட்டேன். நான்கு புத்தகங்கள் வந்தன! அவற்றில் ஒன்று, சோழர் கால உத்திரமேரூர்க் கல்வெட்டு சொல்லும் ஏரி வாரியத்துக்கு, அதாவது ஏரியைக் கவனித்த ஊர்க்குழுவுக்கு, இழுத்துச் சென்றது. மாலைக்குள் மதகை மறந்துவிட்டு, ஏரியை அன்று யார் பராமரித்தார்கள் என்று தேடிக்கொண்டிருந்தேன்.

மனிதர்கள் இப்படித்தான் தேடுகிறார்கள். அமெரிக்க நூலக அறிவியலாளர் மார்சியா பேட்ஸ் 1989இலேயே இதை எழுதிவிட்டார். புதர் புதராகப் போய்ப் பழம் பறிப்பதுபோல, ஆங்காங்கே கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கிறோம். சேர்க்கச் சேர்க்கக் கேள்வியே மாறுகிறது என்றார். நம் தேடல் பெட்டிகளோ கேள்வி முதலிலேயே முழுதாகத் தெரியும் என்று நம்பிக் கட்டப்பட்டவை. தெரியாததைத்தானே தேட வருகிறோம்? அதன் சரியான பெயரை முன்கூட்டியே கேட்டால் எங்கே போவது?

தமிழில் இன்னொரு கொடுமையும் உண்டு. ‘மதகு’ என்று தேடினால் ‘மதகின்’, ‘மதகை’ என்று எழுதிய பக்கங்களைப் பல தளங்கள் காட்டுவதில்லை. வேற்றுமை உருபு நம் மொழியின் உயிர். அதை அறியாத தேடலைத் தமிழ்த் தேடல் என்று ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

சீர்காழியில் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர்.ரங்கநாதன், ஒரு நூலின் பொருளை இடம், காலம், செயல் என்று பல முகங்களாகப் பிரித்துப் பார்க்கும் கோலன் பகுப்பு முறையை 1933இல் வெளியிட்டார். இன்று சேலை விற்கும் தளத்தில் விலை, நிறம், நெசவு என்று வடிகட்ட முடிவது அந்தச் சிந்தனைக்கு நெருங்கிய உறவுதான். சேலைக்குக் கிடைக்கும் இந்த வசதி பல இடங்களில் புத்தகத்துக்கு ஏன் கிடைப்பதில்லை? வாசகரின் நேரத்தைச் சேமியுங்கள் என்று 1931இலேயே விதி வகுத்தவர் அவர்.

இணைய நூலகம் வடிவமைக்கும் நண்பர்களே, ‘மதகு’ என்று ஒருவர் கேட்டால் ‘தூம்பு, குமிழி, மடை ஆகியவற்றையும் பாருங்கள்’ என்று ஒரு வரி காட்டுங்கள். அவர் கடந்துவந்த சொற்களைப் பக்கத்தின் ஓரத்தில் வைத்திருங்கள், திரும்பிப் போக உதவும். நான் அவற்றை இப்போது ஒரு பழைய நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறேன்.