ஏழாம் வாய்ப்பாடும் அந்த மைக்கும்

அந்த வீடியோவை இதுவரை 11 பேர் எனக்கு அனுப்பிவிட்டீர்கள். போதும். கணித தின விழா மேடையில் ஏழாம் வாய்ப்பாடு பாதியில் நின்றுபோன பிள்ளை, "ராமானுஜன் படிச்ச ஊர்ல இருந்துகிட்டு இதுகூட வரலையா?" என்று மைக்கில் கேட்கிற ஆசிரியர், சிரிக்கிற கூட்டம். ஹாஹா போட்டவர்களில் என் சொந்தக்காரர்களும் உண்டு. ராமானுஜனே கும்பகோணம் கல்லூரியில் மற்ற பாடங்களில் தேறாமல் உதவித்தொகையை இழந்தவர்தான்.

அந்தப் பிள்ளைக்கு என்ன சிரமமோ, எனக்குத் தெரியாது. என் மகளுக்கு இருப்பது டிஸ்கால்குலியா, அதாவது எண்ணும் கணக்கும் பிடிபடாத கற்றல் குறைபாடு. கதைப் புத்தகத்தை ஒரே மூச்சில் படித்துவிடுவாள். மூன்று புளியங்கொட்டையை வைத்தால் நம் கண் எண்ணாமலே மூன்று என்றுவிடும். அவள் 9 வயதிலும் ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு எண்ணினாள். பக்கத்தில் இன்னும் இரண்டு வைத்தால் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிப்பாள். இவளை வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்லி என்ன பயன்?

பல்லாங்குழிதான் கைகொடுத்தது. குழிக்கு ஐந்தாக ஒரு வரிசை. முதலில் கையால் அள்ளிப் போடுவது, அப்புறம் நோட்டில் புள்ளி, அதற்கும் அப்புறம்தான் எண். ஏழைந்து முப்பத்தைந்து வர எட்டு மாதம் ஆனது. வந்தது.

"நாங்களும் அடி வாங்கித்தான் படிச்சோம்" என்று கமெண்டில் வருவீர்கள். உங்களுக்கு வந்தது, சரி. வராதவர்கள் எங்கே போனார்கள்? "40 பிள்ளைகளை வைத்துக்கொண்டு வாத்தியார் என்ன செய்வார்?" நியாயம்தான், தனியாகச் சொல்லித்தர நேரம் இருக்காது. மைக்கை நீட்டாமல் இருக்க எதற்கு நேரம்? 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலேயே டிஸ்கால்குலியா பெயரோடு இருக்கிறது. ஆசிரியர்களுக்கு இதை யாராவது சொல்லக் கூடாதா?

வராதவர்களில் ஒருவர் என் அண்ணன். கணக்கு வராத மண்டை என்று எட்டாவதோடு நிறுத்திவிட்டார்கள். நாற்றங்கால் முதல் அறுப்பு வரை எல்லாம் அவர்தான் பார்ப்பார். நெல் போட்ட பணத்தை மட்டும் எண்ண மாட்டார், அண்ணி எண்ணுவார். 52 வயதில், கடையில் நோட்டுகளை விரித்துப் பிடித்து, "நீங்களே எடுத்துக்குங்க" என்கிறார். அவரைப் பார்த்தும் ஒரு வகுப்பே சிரித்திருக்கிறது. எனக்கு அப்போது ஆறு வயது, வாசலில் நின்று கேட்டேன்.

வீடியோவை அழித்துவிடுங்கள். அந்தப் பிள்ளையின் வீட்டார் யாராவது இதைப் படித்தால் இன்பாக்ஸுக்கு வாருங்கள். எங்கள் பல்லாங்குழிப் பலகை இப்போது சும்மாதான் இருக்கிறது, கொண்டுவந்து தருகிறேன்.