பவர் கூட வேண்டும் என்றால் ரெகுலேட்டர் வாங்காதீர்கள்

சிலிண்டரில் முன்கூட்டியே அடைத்துவைத்த காற்றால் சுடும் பிசிபி ஏர் ரைஃபிளுக்கு, அந்தக் காற்றின் அழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டர் போடலாமா வேண்டாமா என்று தஞ்சாவூர், மன்னார்குடி பக்கத்துத் தம்பிகள் மாறி மாறிக் கேட்கிறார்கள். பேப்பர் டார்கெட்டில் பாயின்ட் எடுக்க வேண்டுமா, கண்டிப்பாகப் போடுங்கள். பவர் ஏறும் என்று நினைத்துத்தான் கேட்கிறீர்கள் என்றால் அந்தக் காசுக்கு நல்ல பெல்லட் (ஈயக் குண்டு) டப்பாக்கள் வாங்குங்கள்.

ரெகுலேட்டர் பவர் தராது. சிலிண்டரில் காற்றழுத்தம் 200 பார் இருந்தாலும் 150 பார் இருந்தாலும் வால்வுக்கு ஒரே அழுத்தத்தை விடும், ஆற்றில் எவ்வளவு தண்ணீர் வந்தாலும் வாய்க்காலுக்கு அளவாக விடுகிற மதகு மாதிரி. அது இல்லாத துப்பாக்கியில் சிலிண்டர் நிறைந்திருக்கும்போது அந்த அழுத்தமே வால்வைத் திறக்கவிடாமல் அமுக்கும், பெல்லட் மெதுவாகப் போகும், காற்று கொஞ்சம் குறைந்ததும் வேகம் ஏறும், அப்புறம் இறங்கிக்கொண்டே போகும்.

இது பெரிய விஷயமா என்று கேட்பவர்களுக்காகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நொடிக்கு 170 மீட்டர் வேகத்தில் கிளம்பும் பெல்லட் 10 மீட்டர் போவதற்குள் சுமார் 17 மில்லிமீட்டர் இறங்குகிறது. வேகம் 160 ஆனால் 19. டார்கெட் நடுவில் இருக்கும் பத்துப் புள்ளியே அரை மில்லிமீட்டர்தான், வளையத்துக்கு வளையம் இரண்டரை மில்லிமீட்டர். அதாவது மூச்சு, பிடி, டிரிகர் எல்லாம் சரியாக இருந்தும் முக்கால் பாயின்ட் போய்விடலாம், அதுவும் 60 ஷாட் தகுதிச் சுற்றில், தசமத்தில் இடம் தவறுகிற இடத்தில்! பாவம், பிள்ளைகள் தங்கள் கையைத்தான் குறை சொல்லிக்கொள்கிறார்கள்.

ஆனால் நம் டெல்டாவில் ஒரு சிக்கல் இருக்கிறது, ஈரம். ஐப்பசி கார்த்திகையில் ஹேண்ட் பம்ப் அடித்தால் காற்றோடு தண்ணீரும் சிலிண்டருக்குள் போகிறது. ரெகுலேட்டருக்குள் அடுக்கியிருக்கும் வில் வாஷர்கள் துருப்பிடிக்கும், சீட்டில் அழுக்கு உட்காரும், அழுத்தம் மெல்ல மெல்ல மேலே ஊர்ந்துவிடும். சந்தேகம் வந்தால் சில ஷாட் சுட்டுவிட்டு அரை மணி நேரம் சும்மா வையுங்கள், அடுத்த முதல் ஷாட்டின் வேகம் மற்ற ஷாட்களோடு சேராமல் தனியாக நின்றால் அழுத்தம் ஊர்கிறது என்று அர்த்தம். அதனால் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் ஃபில்டர் பம்ப்பில் இல்லாமல் ரெகுலேட்டர் போடவே போடாதீர்கள். காற்று கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்குக்கு சிலிகான் கிரீஸ் மட்டும்தான், வண்டிக்குப் போடும் ஆயிலும் கிரீஸும் உயர் அழுத்தக் காற்றில் தீப்பிடிக்கும்.

இன்னொன்று, ரெகுலேட்டரை மாட்டிவிட்டு, வால்வை அடித்துத் திறக்கும் ஹேமரின் ஸ்பிரிங்கை அப்படியே விட்டுவிடுகிறார்கள். அழுத்தம் குறைந்த வால்வைப் பழைய பலத்தோடு அடித்தால் காற்றுதான் வீணாகும். பெல்லட்டின் வேகத்தை அளக்கும் கிரோனோகிராஃப் வைத்துக்கொண்டு வேகம் விழத் தொடங்கும் வரை ஸ்பிரிங்கைத் தளர்த்துங்கள், அங்கே நிறுத்துங்கள். ரெகுலேட்டர் உடம்பில் இருக்கும் சின்ன ஓட்டையில் காற்று கசிந்தால் எம்-சீல் வைத்து அடைக்காதீர்கள், அது வெளிக்காற்றுக்காகவே விட்ட ஓட்டை, உள்ளே ஓ-ரிங் போய்விட்டது என்று அது சொல்கிறது.

பவர் கேட்பவர்களுக்கு: குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டர், பெல்லட் கிளம்பும் ஆற்றல் 20 ஜூல், இதற்குள் இருக்கும் வரைதான் லைசென்ஸ் தேவையில்லை. வடுவூர் ஏரிக்கும் உதயமார்த்தாண்டபுரத்துக்கும் வருகிற பறவைகளைச் சுடுவதற்காக யார் கொண்டுவந்தாலும் நான் அந்தத் துப்பாக்கியைத் தொடமாட்டேன், எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் சரி.

மற்றவர்கள் ரெகுலேட்டர் வாங்குவதற்கு முன் ஒரு சிலிண்டர் முழுவதும் சுட்டு, ஷாட்டுக்கு ஷாட் வேகத்தைக் குறித்து, ஆரம்பித்த பார், முடிந்த பார் இரண்டையும் சேர்த்து எனக்கு அனுப்புங்கள், உங்களுக்கு அது தேவையா என்று பார்த்துச் சொல்கிறேன்.