சுகப்பிரசவத்துக்கு புக் வாங்கறீங்களா, முதல்ல ரத்தப்போக்கு பத்தி என்ன எழுதியிருக்குன்னு பாருங்க

மாசமா இருக்கற தங்கச்சிங்க எங்கிட்ட கேக்கறது பெரும்பாலும் இதான், "அக்கா, எப்படியாவது சுகப்பிரசவம் ஆகணும், எந்த புக் படிக்கட்டும்?" இந்தக் கேள்விய நான் சாதாரணமா எடுத்துக்க மாட்டேன். தேசிய குடும்பநல ஆய்வு 2019-21 கணக்குப்படி தமிழ்நாட்டுல 100 பிரசவத்துல கிட்டத்தட்ட 45 சிசேரியன், தனியார் ஆஸ்பத்திரிய மட்டும் எடுத்தா 64 கிட்ட போகுது, அரசு ஆஸ்பத்திரில 36. இந்திய சராசரி 22-க்கும் கீழதான். அப்ப ஒரு பொண்ணு பயப்படறதுலயும் முன்னாடியே தயார் ஆகணும்னு நினைக்கறதுலயும் என்ன தப்பு இருக்கு?

ஆனா எந்த புக்கா இருந்தாலும் கடையில கையில எடுத்ததும் அட்டையையும் முன்னுரையையும் விட்டுட்டு ஒண்ணே ஒண்ணு தேடுங்க. குழந்தை பொறந்தப்புறம் ரத்தம் நிக்காம போனா என்ன செய்வாங்க, நஞ்சுக்கொடி வெளிய வரலைன்னா என்ன ஆகும், குழந்தையோட அசைவு குறைஞ்சா எப்ப கிளம்பணும், பனிக்குடம் உடைஞ்சு தண்ணி பச்சையா வந்தா என்ன அர்த்தம், இதெல்லாம் அதுல இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா அந்த புக்க அங்கயே வச்சிட்டு வந்துருங்க, அது எவ்வளவு அழகா எழுதியிருந்தாலும் சரி. 2018-ல திருப்பூர்ல வீடியோ பார்த்து வீட்டுலயே பிரசவம் பார்க்கப் போயி ஒரு அம்மா ரத்தப்போக்குல இறந்தே போனாங்க, குழந்தை பொழைச்சுது, அம்மா இல்ல. குழந்தை பொறந்த உடனே போடற 10 யூனிட் ஆக்ஸிடோசின் ஊசி இந்த ரத்தப்போக்கைத் தடுக்கத்தான். அந்த ஊசியக்கூட "செயற்கை, வேண்டாம்"னு சொல்ற புத்தகத்த நான் யாருக்கும் கைகாட்ட மாட்டேன்.

அடுத்தது வலி எப்படி முன்னேறும்ங்கற பகுதி. பழைய புத்தகம் நிறையதுல கர்ப்பப்பை வாய் மணிக்கு 1 செமீ திறக்கணும், 3 இல்ல 4 செமீலயே பிரசவம் வேகம் எடுத்துரும்னு இருக்கும். உலக சுகாதார நிறுவனம் 2018-ல குடுத்த வழிகாட்டுதல்ல வேகம் எடுக்கற கட்டம் 5 செமீல இருந்துதான்னு வச்சிட்டாங்க, மணிக்கு 1 செமீ கணக்கு எல்லாருக்கும் பொருந்தாது, அத மட்டும் வச்சு ஆபரேஷன்னு முடிவு பண்ணக்கூடாதுன்னும் தெளிவா சொல்லிட்டாங்க. பழைய கணக்க மனசுல வச்சிக்கிட்டு லேபர் வார்டுக்குப் போற பொண்ணு 4 செமீல நின்னாலே "எனக்கு திறக்க மாட்டேங்குது"ன்னு ஒடைஞ்சு போயிருவா, பாவம், அவ உடம்பு சரியாத்தான் வேலை பாத்துக்கிட்டு இருக்கும். அதே வழிகாட்டுதல்லதான் முடி வழிக்கறது, எனிமா குடுக்கறது, எல்லாருக்கும் வழக்கமா கீழ கத்தரிக்கறது, மேல நின்னு வயித்த அமுக்கறது எல்லாம் பரிந்துரை இல்லைன்னும், சிக்கல் இல்லாத அம்மா வலி நேரத்துல தண்ணி குடிக்கலாம் சாப்பிடலாம் நடக்கலாம், கூட அவங்களுக்குப் பிடிச்ச ஒருத்தர் இருக்கணும்னும் இருக்கு. இதுங்க ஒரு புக்ல இருந்தா அது ஓரளவு புதுசா எழுதினது, நம்பலாம்.

வெளிநாட்டு புக் வாங்கறவங்க அது எந்த இடத்துல இருந்து எழுதினதுன்னு பாத்துக்கோங்க. இனா மே காஸ்கின்னு ஒரு அமெரிக்க மிட்வைஃப் (பிரசவம் பாக்கறவங்க) 2003-ல எழுதின பிரசவ வழிகாட்டி எனக்கு ரொம்ப பிடிக்கும், முதல் பகுதி பூரா பொம்பளைங்க அவங்கவங்க பிரசவத்தச் சொல்றதுதான், படிக்கப் படிக்க பயம் இறங்கும். ஆனா காஸ்கின் இருந்த டென்னசி பண்ணையில அனுபவசாலி மிட்வைஃப்கள் கூடவே இருந்தாங்க, சிக்கல்னா ஆஸ்பத்திரிக்கு அனுப்பற ஏற்பாடும் இருந்துச்சு. அதப் படிச்சிட்டு நம்ம ஊர்ல தனியா வீட்டுல பண்ணிக்கலாம்னு யாராவது கெளம்பினா அவங்க பாதி புக்கத்தான் படிச்சிருக்காங்கன்னு அர்த்தம். கிராண்ட்லி டிக்-ரீட்னு ஒரு இங்கிலாந்து டாக்டர் 1930-கள்லயே சொன்னாரு, பயம் உடம்ப இறுக்கும், இறுக்கம் வலியக் கூட்டும், வலி திரும்ப பயத்தக் கூட்டும்னு. இந்த ஒரு விஷயத்த புரிஞ்சிக்கிட்டு மூச்சுப் பயிற்சி பண்ணாலே பெரிய உதவி, மத்தபடி அவர் எழுதினது அந்தக் காலத்து புக், முழுசா படிக்கணும்னு இல்ல.

தமிழ்ல கடைகள்ல கெடைக்கறதுல நான் பாத்த வரைக்கும் சாப்பாடும் ஸ்லோகமும் குழந்தை பேரும் நிறைய, பிரசவம் நடக்கற அந்த ராத்திரி பத்தி ரெண்டு பக்கம்கூட இருக்காது. எனக்கு உண்மையிலேயே கோவம் வர்ற விஷயம் இது. இங்கிலீஷ் படிக்கத் தெரியாத பொண்ணுக்கு மட்டும் சூட்டு வலிக்கும் நிஜ வலிக்கும் வித்தியாசம் தெரிய வேண்டாமா? சூட்டு வலி கொஞ்ச நேரத்துல தானா அடங்கும், நிஜ வலி விட்டு விட்டு வந்து கூடிக்கிட்டே போகும்னு நம்ம பாட்டிங்களுக்குத் தெரிஞ்ச அளவுகூட அந்த புக்குங்கள்ல இல்லையே. இங்கிலீஷ் தெரிஞ்ச வீட்டுக்காரரோ தங்கச்சியோ ராத்திரி பத்து பக்கம் வாய்விட்டு தமிழ்ல சொல்லிக் குடுங்க, அது அவங்களுக்கும் பாடம்.

இன்னொண்ணு, சிசேரியன தோல்வின்னு பேசற புத்தகம் வேண்டவே வேண்டாம். எங்க நாத்தனார் அப்படி ஒண்ண மாசக்கணக்கா மனப்பாடம் பண்ணாத குறையா படிச்சா, கடைசில பாத்தா நஞ்சுக்கொடி கீழயே ஒட்டி கர்ப்பப்பை வாய மூடியிருந்துச்சு, அந்த நிலைமையில ஆபரேஷன் தவிர வேற வழியே கெடையாது, அதுதான் ரெண்டு உயிரையும் காப்பாத்துச்சு. ஆனா குழந்தைய மடில வச்சிக்கிட்டு "நான் ஒழுங்கா நடக்கலையோ, குனிஞ்சு பெருக்கலையோ"ன்னு அழுதா. அவளுக்கு அந்த அழுகையக் குடுத்தது அந்த புக்குதான்னு இன்னைக்கும் சொல்வேன். நல்ல புத்தகத்துல சிசேரியனுக்கும் ஒரு முழு அத்தியாயம் இருக்கும், எப்ப அவசியம், எப்ப காத்திருக்கலாம், அதுக்கப்புறம் தையல் எப்படி ஆறும், பால் எப்படி குடுக்கறது, அடுத்த தடவ சுகப்பிரசவம் முயற்சி பண்ண முடியுமான்னு எல்லாம்.

ரெண்டு புக் போதும், ஆறாம் மாசத்துக்குள்ள படிச்சிருங்க. படிக்கறப்பவே கேள்விய ஒரு நோட்டுல எழுதி செக்கப்புக்கு கொண்டு போங்க: கூட யாரு இருக்கலாம் (அரசு ஆஸ்பத்திரில கூட ஒரு பொம்பளை ஆளு இருக்கற ஏற்பாடு ரொம்ப வருஷமா இருக்கு), வலில நடக்க விடுவீங்களா, எந்தெந்த காரணத்துக்கு ஆபரேஷன்னு முடிவு பண்ணுவீங்க, ராத்திரில ரத்தம் ஏத்த வசதி இருக்கா. பொறுமையா பதில் சொல்ற டாக்டரா, கோவப்படற டாக்டரான்னு அங்கயே தெரிஞ்சிரும். மாத்தணும்னா ஆறாம் மாசத்துல மாத்திக்கலாம், ஒன்பதாம் மாசத்துல ஃபைல தூக்கிட்டு வேற ஆஸ்பத்திரி அலையறது ரொம்ப கஷ்டம்.