ஸ்டேபிள் எப்போது வரும் என்று கேட்பவர்களுக்கு

சனிக்கிழமை டர்பன் சாட்ஸ்வொர்த்தில் தமிழ் வகுப்பு முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருக்கும்போது அக்கா மகன் மறுபடியும் கேட்டான். "மாமா, அந்த ஸ்டேபிள் வர்ஷன் எப்பதான் வரும்? போன வருஷமே வரும்னாங்களே?" பிள்ளைகள் தமிழில் தட்டெழுதப் பழகும் சின்ன மென்பொருள் அது. ஸ்டேபிள் என்றால் சோதித்து முடித்து, எல்லோரும் நம்பிப் பயன்படுத்த வெளியிடும் பதிப்பு. நாலைந்து பேர் சம்பளம் எதுவும் வாங்காமல், வேலைக்குப் போய் வந்த களைப்போடு ராத்திரியில் உட்கார்ந்து எழுதுகிறார்கள். சின்னப் பையன், அவன் கேட்டதில் தப்பில்லை. ஆனால் அதே கேள்வியைப் பெரியவர்கள் "சோம்பேறிகள்" என்ற வசவோடு அவர்களிடம் கேட்பதைப் பார்த்ததிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை.

அதற்கு முந்தைய சோதனைப் பதிப்பான பீட்டாவை ஒரு பழைய கணினியில் நானே போட்டுப் பார்த்தேன். 'கொ' என்று அடித்து அச்செடுத்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று எழுத்து பிரிந்து கிடந்தது. கணினிகள் எழுத்துகளைச் சேமிக்கும் பொதுமுறையான யூனிகோடில் உயிர்க்குறி மெய்க்குப் பின்னால்தான் சேமிக்கப்படும், திரையில் கொம்பை முன்னால் கொண்டுவந்து காட்டுவது எழுத்துருவும் அதை வரையும் நிரலும் சேர்ந்து செய்கிற வேலை. சரி, பக் (மென்பொருள் பிழை) என்று எழுதி அனுப்பலாம் என்று உட்கார்ந்தால், எந்த எழுத்துருவில் வருகிறது, எதில் வரவில்லை என்று பிரித்துச் சொல்லவே எனக்கு மூன்று ராத்திரி ஆனது. சரிசெய்யக்கூட இல்லை, சொல்வதற்கு மட்டும்!

பெரிய திட்டங்களும் இப்படித்தான். டெபியன் என்ற இலவச இயங்குதளம் 2002 ஜூலைக்குப் பிறகு அடுத்த ஸ்டேபிளைக் கொடுத்தது 2005 ஜூனில். படம் திருத்தும் மென்பொருளான கிம்ப் 2.10 வந்தது 2018 ஏப்ரலில், 3.0 வந்தது 2025 மார்ச்சில். கிட்டத்தட்ட ஏழு வருஷம். இடையில், ஜன்னல்களையும் பட்டன்களையும் வரையும் அடித்தளமான ஜிடிகே 2-இலிருந்து 3-க்கு மொத்த மென்பொருளையும் மாற்றினார்கள், அதுவும் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களை வைத்துக்கொண்டு. நம் தென்னாப்பிரிக்காவின் வெல்கம் நகரில் பிறந்த மார்க் ஷட்டில்வர்த் தொடங்கிய உபுண்டு இயங்குதளத்துக்குப் பின்னால் சம்பளம் கொடுக்கும் கம்பெனியே இருக்கிறது. அவர்களே 2006 ஏப்ரலில் வரவேண்டியதை ஆறு வாரம் தள்ளி ஜூனில் வெளியிட்டார்கள். வருஷமும் மாதமும் சேர்ந்த 6.06 என்ற எண் அப்படி வந்ததுதான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எக்ஸ்இசட் என்று கோப்புகளைச் சுருக்கும் ஒரு கருவி, டெபியன், உபுண்டு போன்றவை சேர்ந்த லினக்ஸ் உலகம் முழுக்க இருப்பது. அதைப் பல வருஷம் பராமரித்தவர் ஒரே ஒரு தன்னார்வலர். 2022-இல் அவரைச் சிலர் 'ஏன் இவ்வளவு மெதுவாக இருக்கிறாய், வேறு யாரிடமாவது கொடுத்துவிடு' என்று தொடர்ந்து நெருக்கினார்கள். இது சம்பளமில்லாத பொழுதுபோக்கு வேலை, என் மனநலமும் சரியில்லை என்று அவர் சொல்லியும் விடவில்லை. கூட உதவிக்கு வந்து நம்பிக்கையைச் சம்பாதித்த ஒருவர் 2024 பிப்ரவரியில் அதன் 5.6.0 பதிப்பில், வெளியாள் கணினிக்குள் நுழைய ஒரு ரகசியப் பின்வாசல் வைத்துவிட்டார். நெருக்கியவர்களும் அதே கூட்டம்தான் என்று பலர் சந்தேகிக்கிறார்கள். தூரத்துக் கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச்சில் உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்துத் துருவிய ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற மென்பொருள் பொறியாளர் மார்ச் 29-இல் அதை வெளியே கொண்டுவந்தார். கவனியுங்கள், டெபியனின் சோதனைப் பதிப்புகளுக்குள் அது நுழைந்திருந்தது, ஸ்டேபிளுக்குள் நுழையவில்லை. நாம் திட்டுகிற அந்தத் தாமதம்தான் அன்றைக்கு நம் சர்வர்களைக் காப்பாற்றியது. உபுண்டுவும் 24.04 பீட்டாவை ஒரு வாரம் தள்ளிப்போட்டு, அந்த நிரல் வந்த பிறகு கட்டிய எல்லாவற்றையும் மறுபடி கட்டியது.

புரட்டாசியில் கோயில் சமையலறையில் நிற்பவர்களிடம் போய் "பருப்பு வெந்தாச்சா" என்று அஞ்சு நிமிஷத்துக்கு ஒருமுறை யாரும் அதட்டுவதில்லை. அவசரம் என்றால் கரண்டியைப் பிடிக்கிறோம், காய் நறுக்குகிறோம்.

அடுத்த சனிக்கிழமை வகுப்பு முடிந்த பிறகு நானும் அக்கா மகனும் புதிய பீட்டாவில் எ, ஏ, ஒ, ஓ, ஔ வரிசை எழுத்துகள் எல்லாவற்றையும் அடித்து அச்செடுத்துப் பார்க்கப்போகிறோம். டர்பன் பக்கம் இருப்பவர்கள் வாங்க. நிரல் எழுதத் தெரிய வேண்டாம், தமிழ் படிக்கத் தெரிந்தால் போதும். கணினி நான் தருகிறேன்.