ஊராட்சித் திட்டத்தில் குழந்தைக்கும் ஒரு வரி எழுதப்பட வேண்டும்

குழந்தைகளுக்காக வேலை செய்யும் தொண்டு நிறுவனங்களுக்கும், அவர்களுக்கு நிதி கொடுப்பவர்களுக்கும், ஊராட்சிகளில் பொறுப்பில் இருப்பவர்களுக்கும், வட்டார அளவில் உள்ள அதிகாரிகளுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

சொல்ல வருவது ஒன்றுதான். ஒரு ஊரில் குழந்தைகளுக்காக யார் என்ன செய்தாலும், அது அந்த ஊராட்சியின் வளர்ச்சித் திட்டத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுதியது நடந்ததா என்று பார்க்கும் வேலையும் அந்த ஊரிலேயே நடக்க வேண்டும். இல்லாவிட்டால், எவ்வளவு நல்ல எண்ணத்தோடு தொடங்கிய வேலையாக இருந்தாலும் நிதி நிற்கிற மாதத்தோடு அதுவும் நின்றுவிடும்.

இந்தத் துறையில் பல வருடங்களாக இருக்கிறேன். மாலை நேரப் படிப்பு மையம் மூன்று வருடம் நன்றாக நடக்கும். அந்த ஊரிலேயே படித்த ஒரு பெண்தான் சொல்லிக்கொடுப்பார். பிள்ளைகள் ஆர்வமாக வருவார்கள். திட்டக் காலம் முடிந்ததும் அந்தப் பெண்ணுக்குச் சம்பளம் நிற்கும், மையமும் மூடப்படும். ஊராட்சியில் போய்க் கேட்டால், "டிரஸ்ட்டுக்காரங்க நடத்தின ட்யூஷன்தானே" என்பார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த மையத்தைத் தொடங்கும்போது அவர்களிடம் யாரும் கலந்து பேசவில்லை. திறப்பு விழாவுக்குக் கூப்பிட்டுச் சால்வை போர்த்தினார்கள், அவ்வளவுதான்.

சட்டத்தில் இடம் இல்லையா என்றால், தாராளமாக இருக்கிறது. 1993இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 73ஆவது திருத்தம் ஊராட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்கவை என்று 29 பொருள்களைப் பட்டியலிட்டது. தொடக்கக் கல்வி, சுகாதாரம், குடும்ப நலம், மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாடு எல்லாம் அதில் இருக்கின்றன. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் இன்னும் நேராகவே பேசுகிறது. தன் எல்லைக்குள் வசிக்கும் 14 வயது வரையிலான எல்லாக் குழந்தைகளின் பதிவேட்டையும் உள்ளாட்சி அமைப்பு பராமரிக்க வேண்டும் என்று அதன் 9ஆவது பிரிவு சொல்கிறது. நான் போன ஊராட்சி அலுவலகங்களில் வரி ரசீது இருந்தது, குடிநீர் இணைப்புப் பதிவேடு இருந்தது, தெருவிளக்குக் கணக்கு இருந்தது. குழந்தைகள் பதிவேட்டை ஒரு இடத்திலும் நான் பார்க்கவில்லை.

ஆனால் பதிவேடே இல்லை என்று சொல்ல முடியாது. அங்கன்வாடிப் பணியாளரிடம் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் கணக்கு இருக்கிறது. கிராம சுகாதாரச் செவிலியரிடம் கர்ப்பிணிகளும் தடுப்பூசிக் கணக்கும். பள்ளியில் மாணவர் விவரம். பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்புக்கு ஆசிரியர்கள் தனியாக வருகிறார்கள். இவை போதாது என்று எங்களைப் போன்ற நிறுவனங்கள் அடிப்படை ஆய்வு என்ற பெயரில் ஒரு படிவத்தோடு போய் நிற்கிறோம். ஒரே வீட்டுக் கதவை இத்தனை பேர் தட்டுகிறார்கள். இத்தனை பேர் எடுத்த கணக்கும் அந்தந்தத் துறையின் வழியாக மேலே போய்விடுகிறது. அங்கன்வாடியில் மாதாமாதம் எடை பார்த்து போஷன் டிராக்கர் செயலியில் ஏற்றுவது டெல்லி வரைக்கும் தெரிகிறது. நூறு அடி தள்ளி இருக்கும் ஊராட்சி அலுவலகத்துக்குத் தெரிவதில்லை.

இதனால் என்ன இழப்பு என்று கேட்பவர்களுக்கு 14 வயது தாண்டிய பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அங்கன்வாடிக் கணக்கு ஆறு வயதில் முடிகிறது. கல்வி உரிமைச் சட்டம் 14 வயதில் நின்றுவிடுகிறது. ஒன்பதாம் வகுப்பில் நின்றுவிட்ட ஒரு பெண், அடுத்த ஊர் மேல்நிலைப் பள்ளிக்குப் பேருந்து சரியில்லை என்று வீட்டில் இருக்கிறாள் என்று வையுங்கள். பள்ளிக்கு அவள் இடைநின்றவள். சுகாதாரத் துறைக்கு அவள் அடுத்து கண்ணில் படுவது கர்ப்பிணியாகப் பதிவு செய்யும்போதுதான். நடுவில் உள்ள இரண்டு மூன்று வருடங்களில் அவளுக்கு நடப்பதை எந்தத் துறையின் பதிவேடும் தொடர்ந்து பார்ப்பதில்லை. நூற்பாலைக்கு முகவர் வந்து அழைத்துப் போவதும், அவசரமாக மாப்பிள்ளை பார்ப்பதும் அந்த வருடங்களில்தான். குழந்தைத் திருமணம் பற்றிக் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழைப்பு வந்து அதிகாரிகள் ஓடி வருவதற்குள் பல சமயம் பத்திரிகையே அடித்திருப்பார்கள். ஆனால் ஊரில் எல்லோருக்கும் அது முன்பே தெரியும். வார்டு உறுப்பினருக்குத் தெரியும், மகளிர் குழுத் தலைவிக்குத் தெரியும். தெரிந்த விஷயத்தை ஊராட்சியின் வேலையாக மாற்ற ஒரு வழி வைக்காததுதான் குறை. 18 வயது வரை ஊரில் உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் ஊராட்சிப் பதிவேட்டில் ஒரு வரி இருந்தால், படிப்பை நிறுத்திய அந்த மாதமே யாராவது அந்த வீட்டுக்குப் போக முடியும். பேருந்துதான் சிக்கல் என்றால் போக்குவரத்துக் கழகத்துக்கு ஊராட்சி தீர்மானம் போட்டு அனுப்பலாம். தனி நிறுவனம் கொடுக்கும் மனுவைவிடக் கிராம சபைத் தீர்மானத்துக்குக் கூடுதல் எடை உண்டு.

அடுத்தது நாள்காட்டி. இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, என் அனுபவத்தில் பாதி பிரச்சினை இங்கேதான் இருக்கிறது. கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம் தயாரிக்கும் இயக்கம் அக்டோபர் 2ஆம் தேதியை ஒட்டித் தொடங்குகிறது. அடுத்த சில மாதங்களில் திட்டத்தை முடித்து, ஒன்றிய அரசின் இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தில் ஏற்றிவிடுகிறார்கள். நிறுவனங்களின் ஆண்டுத் திட்டமோ நன்கொடையாளரின் நிதியாண்டுப்படி ஓடுகிறது. சென்னையிலோ டெல்லியிலோ ஒப்புதல் கிடைத்து ஏப்ரல், மே மாதம் களத்துக்கு வரும்போது ஊராட்சியின் அந்த ஆண்டுத் திட்டம் ஏற்கெனவே மூடப்பட்டிருக்கும். அப்புறம் "ஊராட்சி ஒத்துழைக்கவில்லை" என்று அறிக்கை எழுதுகிறோம். செப்டம்பரில் போய் உட்கார்ந்து, எடை குறைந்த குழந்தைகள் இத்தனை பேர், கழிப்பறை இல்லாத அங்கன்வாடி இது, இடைநின்ற பிள்ளைகள் இந்தக் குக்கிராமத்தில் அதிகம் என்று அவர்கள் கையில் கொடுத்தால், பெரும்பாலான ஊராட்சிகள் மறுக்காமல் சேர்த்துக்கொள்வார்கள். நான் பழகிய ஊராட்சிச் செயலர்களில் பலர், "முன்னாடியே குடுத்திருந்தா போட்டிருப்பேனே" என்று சொன்னவர்கள்தான்.

பணம் எங்கே என்று அடுத்த கேள்வி வரும். 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்கு 15ஆவது நிதிக்குழு ஊராட்சிகளுக்குப் பரிந்துரைத்த மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டுமே என்று ஒதுக்கப்பட்டது. ஊராட்சிகள் இதைக் குறையாகச் சொல்வார்கள். எனக்கு அது குழந்தைகளுக்கான பணமாகவே படுகிறது. அங்கன்வாடியில் தண்ணீர், சின்னக் குழந்தை உட்காரும் அளவுக்குக் கழிப்பறை, பள்ளியில் பெண் பிள்ளைகளுக்குக் கதவும் தாழ்ப்பாளும் உள்ள கழிப்பறை, எல்லாமே அந்தத் தலைப்புக்குள் அடங்கும். 2020இல் ஜல் ஜீவன் திட்டத்தின் கீழ் பள்ளிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் குழாய் இணைப்பு கொடுக்க நூறு நாள் இயக்கமே நடந்தது. குழாய் வந்துவிட்டது. அதில் தினமும் தண்ணீர் வருகிறதா என்று பார்க்க வேண்டியது ஊராட்சிதான். மோட்டார் இயக்குபவருக்குச் சம்பளம் கொடுப்பது ஊராட்சி. இந்த வேலைக்கு வெளியிலிருந்து நன்கொடை திரட்டுவது தேவையே இல்லை என்று நான் உறுதியாக நினைக்கிறேன். நன்கொடையாளர் பணம், ஊராட்சியால் முடியாத வேலைக்குப் போகட்டும். வளர்ச்சித் தாமதம் உள்ள குழந்தைக்குப் பயிற்சி சிகிச்சை தரும் ஆளை வட்டாரத்துக்குக் கொண்டுவருவது மாதிரி.

பக்கத்து மாநிலங்கள் இந்தப் பாதையில் நம்மைவிட முன்னால் போயிருக்கின்றன. கேரளம் 1996இல் மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கி, மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் உள்ளாட்சிகளுக்குக் கொடுத்தது. அங்கன்வாடிகளையும் ஊராட்சிகளின் பொறுப்பில் வைத்தது. அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கான பட்ஸ் பள்ளிகளை அங்கே உள்ளாட்சிகளே, அந்த மாநில அரசின் மகளிர் குழு இயக்கமான குடும்பஸ்ரீயோடு சேர்ந்து நடத்துகின்றன. ஒரு கிராம ஊராட்சி தன் ஊர் சிறப்புக் குழந்தைகளுக்குத் தன் திட்டத்திலேயே பள்ளி நடத்துகிறது என்பது எவ்வளவு பெரிய விஷயம்! கர்நாடகத்தில் ஆண்டுக்கு ஒருமுறை 'மக்கள கிராம சபை' என்று குழந்தைகளுக்கான கிராம சபை நடக்கிறது. பிள்ளைகள் எழுந்து கேள்வி கேட்கிறார்கள், ஊராட்சி பதில் சொல்ல வேண்டும்.

தமிழ்நாடு குழந்தைகளுக்குச் செய்ததைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். 1982இன் சத்துணவுத் திட்டம், 2022இல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், அதே ஆண்டில் ஊட்டச்சத்துக் குறைந்த குழந்தைகளுக்காக வந்த 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டம், 54 ஆயிரத்துக்கு மேற்பட்ட அங்கன்வாடிகள். இவ்வளவு அகலமாக வலை விரித்த மாநிலம் இந்தியாவில் குறைவு. அப்படியும் ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நான்கில் ஒருவருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. பாதிக்கும் மேற்பட்ட சின்னக் குழந்தைகளுக்கு இரத்தசோகை. நம் திட்டங்கள் கோட்டையிலிருந்து துறை வழியாக நேராக மையத்துக்கு இறங்குகின்றன. அதனால்தான் அவை வேகமாகவும் ஒழுங்காகவும் நடக்கின்றன. கடைசியில் மிஞ்சும் அந்த நான்கில் ஒரு குழந்தையை அந்த வழியில் எட்ட முடியாது என்பது என் கருத்து. அந்தக் குழந்தையின் அம்மா விடியற்காலையில் வேலைக்குப் போகிறாரா, வீட்டுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, மையம் அவர்கள் தெருவிலிருந்து எவ்வளவு தூரம் என்பதெல்லாம் ஒவ்வொரு ஊரிலும் வேறு. சுமார் 12,500 ஊராட்சிகளில் 79 ஆயிரத்துக்கு மேல் குக்கிராமங்கள் இருக்கின்றன. சராசரியாக ஒரு ஊராட்சிக்கு ஆறு. ஊராட்சிக் கணக்கு நன்றாக இருக்கும்போதே அதில் ஒரு குக்கிராமம் மட்டும் மோசமாக இருக்கலாம்.

இங்கேதான் இதற்கு எதிரான வலுவான வாதமும் வருகிறது. என்னோடு வேலை செய்பவர்களே சொல்கிறார்கள்: ஊராட்சி என்றால் சாதி. மையம் ஊர்த்தெருவில் இருக்கும், காலனிப் பிள்ளைகள் வர மாட்டார்கள், தலைவர் கண்டுகொள்ள மாட்டார், அதனால்தான் ஊராட்சியை விட்டு ஒதுங்கி நேராகக் காலனிக்குப் போனோம். இது பொய்யில்லை. பட்டியல் சமூகத்துத் தலைவர்கள் நாற்காலியில் உட்கார முடியாமலும் கொடியேற்ற முடியாமலும் நின்ற செய்திகளை இதே மாநிலத்தில் படித்திருக்கிறோம். ஆனால் ஒதுங்கிப் போவதால் ஊராட்சிக்கு ஒரு வசதி கிடைக்கிறது. காலனிப் பிள்ளைகளை டிரஸ்ட் பார்த்துக்கொள்கிறது என்று அவர்கள் கை கழுவிவிடுகிறார்கள். நிதி நின்ற பிறகு அந்தப் பிள்ளைகளுக்கு இரண்டு பக்கமும் இல்லை. அதைவிட, குக்கிராம வாரியாகக் கணக்கைப் பிரித்துக் கிராம சபையில் வையுங்கள். ஊர்த்தெருவில் எடை குறைந்த குழந்தை எத்தனை, காலனியில் எத்தனை, இருளர் குடியிருப்பில் எத்தனை என்று எழுத்தில் வந்தால், தீர்மானப் புத்தகத்தில் ஏறினால், பாகுபாட்டை மறைப்பது கடினம். அங்கே குழந்தையின் பெயரையோ வீட்டையோ சொல்லக் கூடாது, எண்ணிக்கை மட்டும் போதும். இதில் சமரசமே கூடாது.

குழுக்கள் பற்றி ஒன்று. பள்ளி மேலாண்மைக் குழு, கிராம சுகாதார ஊட்டச்சத்துக் குழு, குழந்தைகள் பாதுகாப்புக் குழு, அங்கன்வாடிக்கு ஒரு கண்காணிப்புக் குழு, இதற்கு மேல் எங்கள் நிறுவனங்கள் தொடங்கும் குழுக்கள். பெரும்பாலும் அதே பத்துப் பெண்கள்தான் எல்லாவற்றிலும் உறுப்பினர். கையெழுத்து வாங்க வீடு வீடாக நோட்டு போகிறது. தயவுசெய்து புதுக் குழு தொடங்காதீர்கள். இருக்கிற குழுக்களை மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரே நாளில், ஒரே இடத்தில், ஊராட்சித் தலைமையில் உட்கார வைத்தால் போதும். செவிலியரும் அங்கன்வாடிப் பணியாளரும் தலைமையாசிரியரும் ஒரே பாயில் உட்கார்ந்து கணக்கை ஒப்பிட்டால், பதிவில் விட்டுப்போன குழந்தை அன்றே தெரிந்துவிடும்.

இதற்கெல்லாம் ஊராட்சியில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இருக்க வேண்டும். 2016 அக்டோபரிலிருந்து மூன்று வருடத்துக்கு மேல் அவர்கள் இல்லாமல் இருந்தோம். 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் 2025 ஜனவரி 5ஆம் தேதி பதவிக்காலம் முடிந்து, நிர்வாகம் மறுபடியும் அரசு நியமிக்கும் தனி அலுவலர்களிடம் போனது. ஒரு வட்டாரத்தின் எல்லா ஊராட்சிகளையும் பார்க்கும் அலுவலருக்கு, ஒரு குக்கிராமத்தின் படிப்பை நிறுத்திய பெண்ணைத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. உள்ளாட்சித் தேர்தல் தள்ளிப்போவதைக் கட்சிகளின் பிரச்சினையாக மட்டும் பார்க்கிறோம். குழந்தை உரிமை பேசும் நிறுவனங்கள் ஏன் இதற்கு வாய் திறப்பதில்லை என்று எனக்கு வருத்தம்.

ஒன்றிய அரசின் ஊராட்சி அமைச்சகம் ஊராட்சிகளின் வளர்ச்சிக்கு வகுத்த ஒன்பது கருப்பொருள்களில் மூன்றாவது, குழந்தை நேய ஊராட்சி. இவற்றை அளக்க ஒரு வளர்ச்சிக் குறியீடும் வந்து ஊராட்சிகளுக்கு மதிப்பெண் போடுகிறார்கள். மதிப்பெண் வரட்டும், ஆனால் அதை நிரப்புவது வட்டார (ஊராட்சி ஒன்றிய) அலுவலகத்துக் கணினி இயக்குபவர் என்றால் ஊருக்கு அதனால் பயன் இல்லை. அதே விவரங்களை முதலில் கிராம சபையில் படித்து, ஊர் திருத்திய பிறகு ஏற்ற வேண்டும்.

நிதி கொடுப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். விண்ணப்பத்தில் எத்தனை குழந்தைகள் பயனடைந்தார்கள் என்று கேட்கிறீர்கள். கூடவே, விண்ணப்பிக்கும் நிறுவனம் செய்த வேலைகளில் எத்தனை, ஊராட்சித் திட்டத்தில் சேர்ந்தன, அவற்றில் எத்தனைக்கு ஊராட்சி தன் நிதியை ஒதுக்கியது என்றும் கேளுங்கள். முதல் வருடத்தில் காட்ட எதுவும் இருக்காது, அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். களப்பணியாளர்கள் அடுத்த அக்டோபர் 2 கிராம சபைக்கு இப்போதிருந்தே தயாராகலாம். உங்கள் ஊராட்சியின் நடப்பு ஆண்டுத் திட்டம் இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் பொதுவில்தான் இருக்கிறது, கடவுச்சொல் தேவையில்லை. அதில் குழந்தைகளுக்கு என்ன இருக்கிறது என்று பார்த்துக் கமெண்டில் எழுதுங்கள். ஒன்றுமே இல்லையென்றாலும் அதையும் எழுதுங்கள்.